இன்சுலின் பம்ப் போடலாமா வேணாமா: முதல்ல அது என்ன பண்ணும்னு தெரிஞ்சுக்குவோம்

சுங்கை சிப்புட்ல இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். 2023ல சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வுல மலேசியாவுல பெரியவங்கள்ல 15.6 விழுக்காடு பேருக்கு இந்த நோய் இருக்குன்னு வந்துச்சு, அதாவது ஆறு பேருக்கு ஒருத்தர், அதுலயும் மத்த இனங்களை விட நம்ம இந்தியர்களுக்குத்தான் ஜாஸ்தி. அதனால கோப்பிக்கடையில, கோயில் அன்னதான வரிசையில, அரசாங்க சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தான்ல நம்பர் எடுத்துட்டு உக்காந்திருக்கும்போதுன்னு எங்க போனாலும் இந்தப் பேச்சுதான். இப்ப கொஞ்ச நாளா அந்தப் பேச்சுல இன்சுலின் பம்ப்பும் சேர்ந்துக்கிச்சு. அதைப் போட்டா என்ன வேணாலும் சாப்பிடலாம்னு ஒருத்தர் சொல்றாரு, அது கிட்னி கழுவுற மெஷின் மாதிரி கடைசிக் கட்டத்துலதான் போடுவாங்கன்னு இன்னொருத்தர், ஆபரேஷன் பண்ணி வயித்துக்குள்ள வெச்சிடுவாங்கன்னு ஒரு ஆண்ட்டி. மூணுமே தப்பு. ஆனா இதைக் கேட்டுட்டு ஒரு அம்மா தன் பிள்ளைக்குத் தேவையான பம்ப்பை வேணாம்னு சொல்லிடலாம், இல்ல ஒரு அங்கிள் தனக்குத் தேவையே இல்லாத ஒண்ணுக்கு இபிஎஃப்ல இருக்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் காசை எடுத்துப் போட்டுடலாம். அதுக்காகத்தான் இதை எழுதுறேன். எங்க அக்கா மகன் பம்ப் போட்டிருக்கான், அதனால அதைக் கிட்ட இருந்து பார்க்கிற வாய்ப்பு எனக்கு இருக்கு. நான் டாக்டர் இல்ல, உங்களுக்குப் போடலாமா வேணாமான்னு முடிவு பண்ணித் தர என்னால முடியாது, ஆனா டாக்டர்கிட்ட போய் சரியான கேள்வி கேக்குற அளவுக்கு விஷயத்தைப் புரிய வைக்க முடியும்னு நம்புறேன்.

உடம்பு இன்சுலினை எப்படி விடுது

இன்சுலின்ங்கிறது வயித்துக்குப் பின்னாடி இருக்கிற கணையம் சுரக்கிற ஒரு ஹார்மோன். சாப்பாட்டுல இருந்து ரத்தத்துக்கு வர்ற சர்க்கரையை உடம்போட செல்லுக்குள்ள போக விடுறது அதோட வேலை. சாப்பிட்டா மட்டும்தான் அது சுரக்கும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, அங்கதான் குழப்பமே ஆரம்பிக்குது.

மோட்டோரை ஸ்டார்ட் பண்ணிட்டு கடை முன்னாடி நிறுத்தி வெச்சிருக்கீங்கன்னு வைங்க. வண்டி நகரல, ஆனா இஞ்சின் மெதுவா ஓடிட்டே இருக்கு, கொஞ்சமா எண்ணெய் போய்க்கிட்டே இருக்கு, அது நின்னுட்டா வண்டியும் செத்துப்போயிடும். மேடு வரும்போதுதான் ஆக்சிலேட்டரை முறுக்குறோம், அப்ப எண்ணெய் கூடப் போகுது. கணையமும் இப்படித்தான். நீங்க தூங்கும்போதும், ஒண்ணும் சாப்பிடாம விரதம் இருக்கும்போதும் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையை ரத்தத்துல விட்டுக்கிட்டேதான் இருக்கும், அதைச் சமாளிக்க நாள் பூரா மெதுவா ஒரு அளவு இன்சுலின் வேணும், இதுக்குப் பேரு பேசல். சாப்பாடு மேடு மாதிரி, அப்ப சட்டுனு கூட இன்சுலின் வேணும், இதுக்குப் பேரு போலஸ். ஒரு நாளைக்குத் தேவைப்படுற இன்சுலின்ல கிட்டத்தட்ட பாதி பேசலுக்கே போயிடும்.

டைப் 1ங்கிற வகையில உடம்போட எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கிற செல்லைத் தாக்கி அழிச்சிடுது, அதனால பேசல் போலஸ் ரெண்டும் வெளியில இருந்துதான் வரணும், ஒரு நாள் கூட விட முடியாது. நம்ம ஊர்ல பெரும்பாலானவங்களுக்கு இருக்கிறது டைப் 2, அதுல இன்சுலின் சுரக்கும், ஆனா உடம்பு அதைச் சரியா ஏத்துக்காது, போகப் போக சுரக்கிறதும் குறையும். அதனாலதான் டைப் 2ல முதல்ல மாத்திரை, ரொம்ப வருஷம் கழிச்சு சில பேருக்கு இன்சுலின்னு போகுது.

இதுவரைக்கும் உள்ளது இவ்வளவுதான்: இன்சுலின் ரெண்டு விதமா வேணும், நாள் பூரா மெதுவா ஒண்ணு, சாப்பாட்டுக்கு ஒண்ணு. டைப் 1 ஆளுக்கு ரெண்டையும் நாமளே குடுக்கணும்.

ஊசியில இதை எப்படிச் செய்றாங்க

டைப் 1 பிள்ளைங்களுக்கு வழக்கமா ஒரு நாளைக்கு நாலு ஊசி. மெதுவா வேலை செய்ற நீண்ட நேர இன்சுலின் ஒரு தடவை, அது கிட்டத்தட்ட 24 மணி நேரம் நிக்கும், அதுதான் பேசல். அப்புறம் மூணு வேளை சாப்பாட்டுக்கு முன்னாடி வேகமா வேலை செய்ற இன்சுலின், போட்டு 15 நிமிஷம் போல ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்துல உச்சத்துக்குப் போய் நாலு மணி நேரம் போல இருக்கும்.

இது நல்ல முறை, இதுல ரொம்ப நல்லா இருக்கிறவங்க ஏராளம். குறை எங்கன்னா, காலையில போட்ட நீண்ட நேர இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. மோட்டோர் கணக்குல சொன்னா, மெக்கானிக்கு காலையில ஸ்க்ரூவைத் திருகி இஞ்சின் ஓடுற வேகத்தை வெச்சு விட்டாரு, ராத்திரி வரைக்கும் அதே வேகம்தான். ஆனா உடம்பு அப்படி ஒரே சீரா இருக்காது. விடியக்காலை மூணு மணியில இருந்து எட்டு மணிக்குள்ள சில ஹார்மோன் ஏறுறதால நிறைய பேருக்கு ஒண்ணுமே சாப்பிடாம சர்க்கரை ஏறும். அதுக்கு நேர்மாறா பால்மரம் வெட்டப் போறவங்களுக்கோ செம்பனைக் குலை தள்ளுறவங்களுக்கோ வேலை செய்யும்போது சர்க்கரை கிடுகிடுன்னு இறங்கும். ஒரே ஊசி இந்த ரெண்டையும் சமாளிக்கணும்னா கஷ்டம், கூட்டிப் போட்டா வேலையில மயக்கம், குறைச்சுப் போட்டா விடியக்காலையில ஏத்தம்.

பம்ப்ங்கிறது என்ன

நம்ம ஊர்ல பேசுற பம்ப் ஒரு சின்ன மெஷின், பழைய பட்டன் போன் சைஸ்ல இருக்கும், இடுப்புல சொருகிக்கலாம் இல்ல பாக்கெட்ல போட்டுக்கலாம். உள்ள இன்சுலின் ஊத்தின ஒரு குழாய், 180 யூனிட் இல்லாட்டி 300 யூனிட் பிடிக்கும். அதுல இருந்து மெல்லிசா ஒரு ட்யூப் வந்து வயித்துலயோ தொடையிலயோ முடியும், அங்க தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்புக்குள்ள சில மில்லிமீட்டர் நீளத்துல ஒரு மெத்து மெத்துனு இருக்கிற சின்னக் குழல் போயிருக்கும். ட்யூப் இல்லாம உடம்புலயே ஒட்டிக்கிற வகையும் இருக்கு. ஆபரேஷன் கிடையாது, வயித்தைக் கிழிக்கிறது கிடையாது, ரத்தத்தோட அதுக்குச் சம்பந்தமே கிடையாது. கிட்னி கழுவுற மெஷின் ரத்தத்தை வெளிய எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ள அனுப்புது, பம்ப் செய்றது ஊசி செய்ற அதே வேலைதான், அதே இடத்துலதான். பிள்ளை பம்ப் போட்டிருக்கான்னா நோய் முத்திப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, தயவுசெஞ்சு அந்தப் பிள்ளை முன்னாடி அப்படிப் பேசாதீங்க.

ஊசி குத்துறதே இல்லன்னும் சொல்ல முடியாது. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை அந்தக் குழலைக் கழட்டி வேற இடத்துல புதுசா குத்தணும், ஒரே இடத்துல திரும்பத் திரும்பக் குத்தினா அங்க கொழுப்புக் கட்டி தட்டிப்போய் இன்சுலின் சரியா இழுக்காது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பம்ப்புக்குள்ள நீண்ட நேர இன்சுலின் கிடையாது. வேகமா வேலை செய்றது ஒண்ணு மட்டும்தான். அதையே சில நிமிஷத்துக்கு ஒரு தடவை துளித்துளியா விட்டு பேசல் வேலையைச் செய்ய வைக்குது, சாப்பாட்டு நேரத்துல நீங்க பட்டனை அமுக்கினா அதே இன்சுலினை மொத்தமா விட்டு போலஸ் வேலையைச் செய்யுது. இதனால இஞ்சின் வேகத்தை எப்ப வேணாலும் மாத்தலாம்: விடியக்காலை மூணு மணிக்குக் கொஞ்சம் கூட்டு, காலை ஏழு மணியில இருந்து வேலை முடியிற வரைக்கும் குறைன்னு மணிக்கணக்குக்குத் தகுந்த மாதிரி முன்கூட்டியே எழுதி வெச்சிடலாம். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் பால்குடம் எடுத்து நடக்கும்போது அந்த நேரத்துக்கு மட்டும் குறைக்கலாம். பேனா ஊசியில ஒரு யூனிட் இல்லன்னா அரை யூனிட்தான் கூட்டிக் குறைக்க முடியும், பம்ப்புல சில மாடல்ல 0.025 யூனிட் வரைக்கும் போகும், சின்னக் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு குழந்தை வெச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும்.

சுருக்கமா, வேகமான இன்சுலின் ஒண்ணையே வெச்சு, நேரத்துக்குத் தகுந்த மாதிரி அளவை மாத்தி மாத்தி விடுறதுதான் பம்ப்.

கணக்கு யாரு போடுறது

இந்த இடத்துலதான் "என்ன வேணாலும் சாப்பிடலாம்"ங்கிற பேச்சு உடைஞ்சு போகுது. சாதா பம்ப்புக்கு உங்க சர்க்கரை எவ்வளவுன்னு தெரியாது, நீங்க என்ன சாப்பிடப் போறீங்கன்னும் தெரியாது. அது வண்டி, ஓட்டுறது நீங்க.

ஒரு உதாரணம் பார்ப்போம், இந்த நம்பர் எல்லாம் விளக்கத்துக்கு மட்டும்தான், உங்க நம்பரை உங்க டாக்டர்தான் குடுக்கணும். மாமாக் கடையில ஒரு ரொட்டி சானாய் சாப்பிடப் போறீங்க, கூட சீனி போடாத தே ஓ கோசோங். அந்த ரொட்டியில 45 கிராம் மாவுச்சத்துன்னு வெச்சுக்குவோம். உங்க உடம்புக்கு 10 கிராமுக்கு 1 யூனிட் வேணும்னா சாப்பாட்டுக்கு 4.5 யூனிட். விரல்ல குத்திப் பார்த்தா சர்க்கரை 11 (நம்ம ஊர் மீட்டர்ல காட்டுற mmol/L கணக்குல), நீங்க வர வேண்டிய அளவு 6, ஒரு யூனிட் போட்டா 2 இறங்கும்னா அதுக்கு 2.5 யூனிட். மொத்தம் 7. ஆனா மூணு மணி நேரத்துக்கு முன்னாடி போட்டதுல இன்னும் 1 யூனிட் உடம்புல வேலை செஞ்சிக்கிட்டு இருக்கு, அதைக் கழிச்சா 6. கூட்டல் கழித்தல் பம்ப் பண்ணிடும், உடம்புல எவ்வளவு மிச்சம் இருக்குங்கிறதையும் அதுவே ஞாபகம் வெச்சுக்கும், அது பெரிய உதவிதான். ஆனா 45ங்கிற அந்த நம்பரை நீங்கதான் குடுக்கணும். கண்ணால பார்த்து நாசி லெமாக்ல எவ்வளவு, தோசையில எவ்வளவு, கல்யாண வீட்டுப் பாயாசத்துல எவ்வளவுன்னு சொல்லப் பழகணும், இதுக்குப் பேரு மாவுச்சத்து எண்ணுறது, ஆஸ்பத்திரி டயட்டீஷியன் சொல்லித் தருவாங்க. பாலும் சீனியும் கலந்த தே தாரேக்கைக் கணக்குல சேர்க்க மறந்தீங்கன்னா பம்ப்பும் மறந்துடும்.

இதையே நான் திரும்பத் திரும்ப எல்லார்கிட்டயும் சொல்றேன்: இப்ப ஊசியில இருக்கும்போது இந்தக் கணக்கைப் போடாதவங்க பம்ப் போட்டதும் போட ஆரம்பிச்சிடுவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க. முதல்ல ஊசியிலயே சில மாசம் கணக்குப் போட்டுப் பழகுங்க. சில பேருக்கு அதுலயே சர்க்கரை கட்டுக்குள்ள வந்து பம்ப் வேணும்ங்கிற எண்ணமே போயிடும். 1993ல வெளிவந்த டிசிசிடிங்கிற பெரிய ஆராய்ச்சி, அமெரிக்காவுலயும் கனடாவுலயும் 1,441 டைப் 1 ஆளுங்களை வெச்சு செஞ்சது, அதுல சர்க்கரையை நல்லா கட்டுப்பாட்டுல வெச்சவங்கள்ல, ஆரம்பத்துல கண் நல்லா இருந்தவங்களுக்குக் கண் பாதிப்பு வர்ற வாய்ப்பு 76 விழுக்காடு குறைஞ்சது. அந்த நல்லா வெச்சிருந்த கூட்டத்துல பம்ப் போட்டவங்களும் இருந்தாங்க, ஒரு நாளைக்கு மூணு நாலு ஊசி போட்டவங்களும் இருந்தாங்க. கண்ணைக் காப்பாத்தினது கட்டுப்பாடு.

சென்சர் இருந்தா தானா ஓடுமா

கையில வட்டமா ஒண்ணு ஒட்டிக்கிட்டு போனை வெச்சுப் பார்க்கிறாங்களே, அது பம்ப் இல்ல, சென்சர். தோலுக்கு அடியில இருக்கிற நீர்ல சர்க்கரையை அளந்து சில நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லும், ரத்தத்துல இருக்கிறதை விட கொஞ்சம் பின்தங்கித்தான் காட்டும். அது இன்சுலின் குடுக்காது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறவங்க ரொம்ப பேரு.

இந்த ரெண்டையும் சேர்த்து, சென்சர் சொல்றதைக் கேட்டு பம்ப்பே பேசலைக் கூட்டிக் குறைக்கிற முறை இப்ப வந்திருக்கு. அமெரிக்காவுல 2016ல முதல் தடவையா இதுக்கு அனுமதி குடுத்தாங்க. சர்க்கரை இறங்கப் போகுதுன்னு தெரிஞ்சா ராத்திரியில அதுவா இன்சுலினை நிறுத்திடும், தூங்குற பிள்ளையைப் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருக்கிற அம்மாவுக்கு அது குடுக்கிற நிம்மதியை நான் கண்ணால பார்த்திருக்கேன். ஆனா இதுலயும் சாப்பாட்டை நீங்கதான் சொல்லணும். போட்ட இன்சுலின் வேலையை ஆரம்பிக்கவே கால் மணி நேரம் ஆகுது, அதுக்குள்ள ரொட்டி சானாய் முந்திக்கும், மெஷின் ஏத்தத்தைப் பார்த்துட்டுத் துரத்தினா எட்டிப் பிடிக்காது.

நின்னு போனா என்ன ஆகும்

பம்ப் விக்கிறவங்க இதைக் கடைசியா சொல்வாங்க, நான் முக்கியமா சொல்லணும்னு நினைக்கிறேன். உள்ள நீண்ட நேர இன்சுலின் இல்லன்னு சொன்னேன்ல. ட்யூப் மடங்கிடுச்சு, குழல் கழண்டுடுச்சு, பேட்டரி போயிடுச்சு, எதுவா இருந்தாலும் கடைசியா போன இன்சுலின் சில மணி நேரத்துல தீர்ந்துடும், அப்புறம் டைப் 1 ஆளோட உடம்புல இன்சுலினே கிடையாது. சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடம்பு கொழுப்பை எரிக்கும், அதுல இருந்து கீட்டோன்ங்கிற அமிலப் பொருள் ரத்தத்துல சேரும். வாந்தி, வயித்துவலி, மூச்சு வேகமா வாங்குறது, மூச்சுல பழ வாடை எல்லாம் வரும். விட்டுட்டா உயிருக்கே ஆபத்து. ஊசியில இருக்கிறவங்களுக்கு ஒரு வேளை ஊசி மறந்தாலும் நீண்ட நேர இன்சுலின் அடியில இருந்து கொஞ்சம் தாங்கும், பம்ப்புல அந்தத் தாங்கல் இல்ல.

அதனால பம்ப் போட்டவங்க வீட்டுல எப்பவும் பேனா ஊசியும் இன்சுலினும் கீட்டோன் ஸ்டிரிப்பும் இருக்கணும். காரணம் தெரியாம சர்க்கரை 14க்கு மேல போய் இறங்கவே இல்லன்னா மெஷினை நம்பி உக்காந்திருக்காம கீட்டோன் பார்த்து, பேனாவால ஊசி போட்டு, குழலைப் புதுசா மாத்தணும், வாந்தி ஆரம்பிச்சா நேரா எமர்ஜென்சி. சர்க்கரையைத் தினம் நாலு தடவையாவது பார்க்க மனசு இல்லாதவங்களுக்கு பம்ப் ஊசியை விட ஆபத்து.

அப்ப யாருக்கு

பிரிட்டன்ல அரசாங்கத்துக்கு மருத்துவ வழிகாட்டி எழுதுற நைஸ் அமைப்பு 2008ல சொன்னது எனக்குத் தெளிவா படுது. டைப் 1 இருக்கிற பெரியவங்க, பல ஊசி முறையை ஒழுங்கா செஞ்சும் மூணு மாசச் சராசரி சர்க்கரையைக் காட்டுற எச்பிஏ1சி 8.5 விழுக்காட்டுக்குக் கீழ வரலன்னா, இல்ல அதைக் குறைக்கப் போய் அடிக்கடி சர்க்கரை ரொம்ப இறங்கி வாழ்க்கையே பாதிக்குதுன்னா பம்ப் குடுக்கலாம். 12 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு ஊசி முறை சரிப்பட்டு வரலன்னாலும் குடுக்கலாம். டைப் 2க்கு அப்ப அவங்க பரிந்துரைக்கல. அதுக்கப்புறம் 2014ல ஒரு ஆராய்ச்சியில தினம் பல ஊசி போட்டும் கட்டுக்குள்ள வராத டைப் 2 ஆளுங்களுக்கு பம்ப் போட்டுப் பார்த்தாங்க, ஆறு மாசத்துல எச்பிஏ1சி 1.1 இறங்குச்சு, ஊசியிலயே இருந்தவங்களுக்கு 0.4. ஆக டைப் 2ல சில பேருக்கு உதவும், ஆனா அது ஏற்கனவே பல ஊசி போட்டும் முடியாதவங்களுக்கு.

நம்ம ஊர்ல கிளினிக்ல மாத்திரையோட ராத்திரி ஒரு ஊசி போடுறவங்க, இல்ல காலையிலயும் சாயங்காலமும் கலவை இன்சுலின் போடுற தாத்தா பாட்டிங்க, அவங்களுக்கு இப்போதைக்கு பம்ப் ஒரு கேள்வியே இல்ல. அவங்களுக்கு அடுத்த படி வேற: ஊசியை விடாம போடுறது, குத்துற இடத்தை மாத்துறது, சாப்பாடு, பாதத்தைப் பார்த்துக்கிறது. அதுல செய்றதுக்கு நிறைய மிச்சம் இருக்கு. கர்ப்பமாகப் போற டைப் 1 பொண்ணுங்களும், சர்க்கரை இறங்கினா நடுக்கம் வேர்வைன்னு எந்த அறிகுறியும் தெரியாம மயங்கி விழுறவங்களும்தான் இந்தப் பேச்சை டாக்டர்கிட்ட சீக்கிரமே எடுக்கணும்.

காசும் வெயிலும்

கிளினிக் கெசிஹாத்தான்ல ஒரு வெள்ளி கட்டி இன்சுலின் வாங்கிட்டு வர்றோம், அந்தப் பழக்கத்துல பம்ப்பை யோசிக்கக் கூடாது. பம்ப்பைச் சொந்தக் காசுல வாங்குற நிலைமைதான் பெரும்பாலும், மெஷினுக்கே ஆயிரக்கணக்குல போகும், ஆனா குடும்பத்தை இழுக்கிறது அந்த முதல் செலவு இல்ல. ட்யூப், குழல், இன்சுலின் ஊத்துற குழாய், சென்சர்னு மாசா மாசம் வாங்கிட்டே இருக்கணும், அது பிள்ளை பெரியவனாகுற வரைக்கும் அதுக்கு மேலயும் போகும். ஊரெல்லாம் சேர்ந்து நிதி திரட்டி மெஷின் வாங்கிக் குடுத்துட்டு மாசச் செலவை யாரும் யோசிக்கலன்னா அது டிராயர்லதான் போய் உக்காரும். நல்ல மனசோட உதவி செய்ய நினைக்கிறவங்க ரெண்டு வருஷத்துச் சாமானையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

அடுத்தது நம்ம வெயில். வேர்வையில ஒட்டுற பிளாஸ்டர் கழண்டு வரும், அதுக்குத் தோல்ல தடவுற பசையும் மேல ஒட்டுற டேப்பும் தனியா வாங்க வேண்டியிருக்கும். இன்சுலின் 37 டிகிரிக்கு மேல சூடானா கெட்டுப் போக ஆரம்பிக்கும், மத்தியான வெயில்ல வேலை செய்ற ஒருத்தர் பம்ப்பைச் சட்டைக்கு வெளிய மாட்டியிருந்தா உள்ள இருக்கிற இன்சுலினும் காயுது, அப்ப ரெண்டு மூணு நாள்னு இல்லாம முன்னாடியே மாத்தணும். குளிக்கும்போது ஒரு மணி நேரம் வரைக்கும் கழட்டி வைக்கலாம், எம்ஆர்ஐ ஸ்கேனுக்குக் கண்டிப்பா கழட்டணும்.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி

இரண்டு வாரத்துக்கு என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு இன்சுலின் போட்டீங்க, சர்க்கரை எவ்வளவுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க, விடியக்காலை மூணு மணி சர்க்கரையும் ரெண்டு மூணு நாள் எழுதுங்க. அந்த நோட்டைப் பார்த்தாலே பிரச்சினை பேசல்லயா சாப்பாட்டுக் கணக்குலயான்னு டாக்டருக்குப் பிடிபடும். அப்புறம் கேளுங்க: என் பிரச்சினையை பம்ப் தீர்க்குமா, இல்ல ஊசி முறையில இன்னும் மாத்திப் பார்க்க ஏதாவது இருக்கா? மெஷின் ராத்திரியில நின்னா நான் யாருக்குப் போன் பண்ணணும், சுங்கை சிப்புட்ல பார்க்க ஆள் இருக்கா இல்ல ஈப்போவுக்குத்தான் ஓடணுமா? சாமானை எங்க வாங்குறது, தீர்ந்துபோனா வர எத்தனை நாளாகும்? வாங்குறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் போட்டுப் பார்க்க முடியுமா? ஆறு மாசம் கழிச்சு எச்பிஏ1சி இறங்கலன்னா அடுத்து என்ன?

பள்ளிக்கூடம் போற பிள்ளைன்னா இன்னொண்ணும் இருக்கு. ஆசிரியருக்கும் கேண்டீன் அக்காவுக்கும் இது என்னன்னு நீங்களே போய்ச் சொல்லணும், வகுப்புல அது சத்தம் போட்டா போன்னு நினைச்சுப் பிடுங்கி வைக்கக் கூடாதுன்னு சொல்லணும். பிள்ளைகிட்டயும் கேளுங்க, நாள் பூரா உடம்புல ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கிறதுக்கு அவனுக்குச் சம்மதமான்னு. அவன் வேணாம்னு சொன்னா இன்னும் ஒரு வருஷம் ஊசியிலயே நல்லா பார்த்துக்கிட்டு அப்புறம் திரும்பக் கேக்கலாம், பம்ப் எங்கயும் ஓடிப் போயிடாது.